எண்ணூற்று எழுபத்தாறு மில்லி

அறுவடை முடிந்து குதிர்கள் எல்லாம் நிரம்பியிருந்த ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கடிதம் வந்தது. மில்காரர் எஸ்கில் அதை மூன்று முறை படித்துவிட்டு, ஒன்பது பண்ணைக்காரர்களையும் மறுநாள் மாலை காபிக்குக் கூப்பிட்டார். கோட்லாந்துத் தீவின் தெற்குக் கோடியில் அந்த ஒன்பது பண்ணைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு மாவு மில்தான். மில் வாழ்ந்தால் அவர்கள் வாழ்வார்கள்.

கடிதத்தை எழுதியவள் பெட்ரா ஃபால்க். கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில் இருந்த ஒரு பெரிய ரொட்டி நிறுவனத்துக்குத் தானியமும் மாவும் வாங்கும் பொறுப்பு அவளுடையது. அடுத்த வருடத்திலிருந்து, வயலில் விதை விழுவது முதல் மாவு மூட்டையில் ஏறுவது வரை, ஒரு கிலோ கோதுமைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற எண் வேண்டும் என்று எழுதியிருந்தாள். எண் தராதவர்களுக்கு அட்டவணையில் இருக்கும் சராசரி போடப்படும். எண் பெரிதானால் வாங்குவது குறையும். அந்தத் தீவுக்கு அட்டவணை சொன்னது: ஆயிரத்து முந்நூறு லிட்டர்.

"ஆயிரத்து முந்நூறா?" என்று மேசையைத் தட்டினார் போட்வித். ஒன்பது பேரில் மூத்தவர் அவர். அறுபத்தாறு வயதிலும் டிராக்டரிலிருந்து குதித்துத்தான் இறங்குவார். "யாரு எண்ணினா? இங்க வந்து ஒரு நாளாவது நின்னு பார்த்திருக்கானா?"

"எங்கயோ உக்காந்து புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருக்காங்க. மழையையும் சேர்த்துத்தான் கணக்காம்" என்றார் எஸ்கில்.

"வானம் சும்மா கொடுக்குறதையுமா நம்ம தலையில எழுதுவாங்க?"

"பயிர் குடிச்ச தண்ணி எல்லாமே கணக்குதானாம். மழை ஒரு பத்தி, குளம் ஒரு பத்தி, குழாய் ஒரு பத்தி."

மூலையில் காபிக் கோப்பையோடு சாய்ந்திருந்த தூரா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் பண்ணைக்காரி இல்லை, பிளம்பர். அன்று மில்லின் கொதிகலனைப் பார்க்க வந்தவள், ஏலக்காய் பன் வாசனைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க எண்ணு பிடிக்கலேன்னா நீங்களே அளங்க. தண்ணியை அளக்க முடியாதா என்ன? மீட்டர் எதுக்கு இருக்கு?"

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். போட்வித் சிரித்தார்.

"சொன்னவளே செய்யட்டும். இந்த ஊர்ல எந்தக் குழாய் எங்க ஓடுதுன்னு குழாய்க்காரிக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

அது உண்மைதான். நாற்பத்தொன்பது வயது தூரா பத்து வருடங்களாகத் தனியாகத் தொழில் நடத்துகிறாள். தெற்குக் கோடியில் பாதி வீடுகளின் குழாய்கள் அவள் கையால் போட்டவை. அவளுடைய வேன் கதவில் 'ஒரு சொட்டும் சிந்தாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். அதைச் சொல்லி ஊரே கேலி செய்யும். ஆனால் குழாய் உடைந்தால் அவளைத்தான் கூப்பிடும்.

அன்று மாலையே முடிவாயிற்று. விதைப்பிலிருந்து அடுத்த அறுவடை வரையும், அதன் பிறகு மில்லிலும், அளப்பது தூராவின் பொறுப்பு.

*

செப்டம்பரில் விதைத்தார்கள். தூரா ஒன்பது பண்ணையிலும் மழைமானிகளை நட்டாள். மண்ணின் ஈரத்தைச் சொல்லும் நீளமான குச்சிகளை விவசாயப் பள்ளியிலிருந்து இரவல் வாங்கி, ஒவ்வொரு வயலிலும் மூன்று ஆழங்களில் இறக்கினாள். எங்கே எவ்வளவு மழை விழுந்தது, மண் எவ்வளவு பிடித்து வைத்தது, பயிர் எவ்வளவு உறிஞ்சியது என்று வாரம் ஒரு முறை சுற்றிவந்து குறித்தாள். ஒரு சுற்றுக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர். பனி பெய்த ஜனவரியில் மழைமானிக்குள் உறைந்த பனியைச் சமையலறையில் உருக்கி அளந்தபோது அவள் கணவன் ஹோகன் கேட்டான்:

"என்ன தூரா, பனிச்சூப்பா?"

"பேசாம இரு. இது மூணாவது பண்ணையோடது. நீ உப்பு போட்டா ஒரு வருஷக் கணக்கு போச்சு."

படகுத்துறையில் வேலை செய்யும் ஹோகனுக்கு அவள் பிடிவாதம் தெரியும். உப்புச் சாடியைத் தூர வைத்துவிட்டுப் போனான்.

தொடங்கும்போது இது ஒரு வேலை என்றுதான் தூரா நினைத்திருந்தாள். ஆனால் வசந்தம் வந்து கோதுமை முழங்கால் உயரம் எழுந்தபோது அவளுக்குள் என்னவோ மாறிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் குழாய்க்குள் ஓடும் தண்ணீரைத்தான் அவள் தண்ணீர் என்று எண்ணியிருந்தாள். இப்போது வயல் ஓரம் நின்று பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கோடிக் குழாய்கள் மண்ணிலிருந்து வானத்துக்குப் போவதுபோல இருந்தது. வெயிலடித்த ஒரே நாளில் ஒரு ஹெக்டேர் கோதுமை நாற்பது கன மீட்டரைக் குடித்து ஊதிவிட்டது. முதல் முறை அந்தக் கணக்கு வந்தபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மூன்று தடவை திரும்பப் போட்டாள்.

குளங்கள் நான்கு பண்ணைகளில் இருந்தன. பெரியது போட்வித்தினுடையது. ஏழு வருடத்துக்கு முன் தன் பொக்லைனைக் கொண்டு தானே வெட்டியது. சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் நிற்காது, வாத்து வளர்க்கத்தான் ஆகும் என்று அப்போது ஊர் சிரித்தது. அவர் களிமண்ணை அடித்து அடித்து அடியை இறுக்கினார். குளிர்காலத்தில் கடலுக்கு ஓடும் வடிகால் நீரைத் திருப்பி அதில் நிரப்பினார். நாற்பதாயிரம் கன மீட்டர். தூரா அதில் அளவுகோலை நட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தவர், "நேரா நிக்குதா? வருஷம் பூரா பார்க்கணுமே" என்றார். குரலில் கொஞ்சம் கூச்சமும் நிறையப் பெருமையும் இருந்தன.

*

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. மே பாதியிலிருந்து ஜூலை முடியும்வரை மழைமானிகளில் விழுந்ததெல்லாம் சேர்த்துப் பதினெட்டு மில்லிமீட்டர். தீவின் நிலத்தடிநீர் இறங்கியது. நகராட்சி ரப்பர் குழாய்த் தண்ணீருக்குத் தடை போட்டது. தோட்டத்துக்குக் கூடாது, கார் கழுவக் கூடாது, குழந்தைகளுக்குத் தொட்டி நிரப்பக் கூடாது. விடுமுறைக்கு வந்தவர்கள் குளியலறையில் மணல் கடிகாரம் வைத்துக் குளித்தார்கள்.

அதே நேரத்தில் போட்வித்தின் வயலில் நீர்த்தெளிப்பான் பட்டப்பகலில் பீய்ச்சியடித்துக்கொண்டிருந்தது. கடற்கரைக்குப் போகும் சாலை அந்த வயல் ஓரமாகத்தான் போகிறது. கார்கள் நின்றன. படம் எடுத்தார்கள். ஊர்க் கடையில் பேச்சு கிளம்பியது.

"நம்ம தக்காளி கருகுது, அவரு கோதுமைக்கு மழை பெய்ய வைக்கிறாரு."

"நம்ம குடிக்கிற தண்ணிய எடுத்துத்தான் அடிக்கிறாருன்னு சொல்றாங்க."

ஒருநாள் காலை அவருடைய தபால் பெட்டியில் பெயரில்லாத ஒரு சீட்டு கிடந்தது. 'தண்ணீர்த் திருடன்' என்று இரண்டே சொல். போட்வித் அதைத் தூராவிடம் கொண்டுவந்து காட்டினார். அவரைக் கோபமாகத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவமானப்பட்டு அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நிறுத்திடவா?" என்று கேட்டார்.

"எதை?"

"தண்ணி விடுறதை."

"நிறுத்தினா திருடன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. உன் குளத்துல எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு லிட்டர் கணக்கா என்கிட்ட இருக்கு. அந்த நோட்டை நான் எதுக்குப் பூட்டி வைக்கணும்?"

அன்று மதியமே ஒரு பெரிய அட்டையை வாங்கி, கடை வாசலில் தொங்கவிட்டாள். மழை, குளம், குழாய் என்று மூன்று பத்தி. நான்கு குளங்களிலும் ஏப்ரலில் இருந்த அளவு, இந்த வாரத்து அளவு, தெளிப்பானில் ஓடிய மீட்டர் எண், குளத்திலிருந்து ஆவியாகப் போனது, மீதி. வயலுக்குப் போன குடிநீர் என்ற இடத்தில் ஒரு பெரிய பூஜ்யம். அடியில் தன் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதினாள். 'நம்பாதவர்கள் கூப்பிடுங்கள், அழைத்துப் போய்க் காட்டுகிறேன்.'

ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஏழு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் குளக்கரையில் நிறுத்தினாள். அவர்களில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரும் மாயித், அளவுகோலையும் மீட்டரையும் பார்த்து, அங்கேயே காகிதத்தில் கூட்டிக் கழித்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு. அரை சதவீதம்கூடப் பிசகல" என்றாள். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தூரா எண்களை மாற்ற வரும்போது நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பந்தயம் கட்டினார்கள். "ஆகஸ்ட் பத்து வரைக்கும் போட்வித் குளம் தாங்குமா?" தாங்கியது. அடியில் ஒரு முழம் மீதம் இருந்தபோது கோதுமை முற்றிவிட்டது.

அறுவடை நாளில் போட்வித் தானிய வண்டியோடு மில்லுக்கு வந்தார். கடை வாசலில் நின்றிருந்த இருவர் தொப்பியைத் தொட்டார்கள். அவர் தலையை ஒரு முறை அசைத்துவிட்டு, வண்டியை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்.

*

வயல் கணக்கு வந்துவிட்டது. ஒன்பது பண்ணையின் சராசரி: ஒரு கிலோ கோதுமைக்கு மழைநீர் ஐந்நூற்றுப் பதினொன்று, குளத்து நீர் எழுபத்திரண்டு. ஆக ஐந்நூற்று எண்பத்து மூன்று லிட்டர். அட்டவணை சொன்னதில் பாதிகூட இல்லை. எஸ்கில் அதைக் கேட்டதும் தூராவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினார். அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"இனி மில்தானே? அது ஒண்ணும் இல்ல. ரெண்டு கரண்டித் தண்ணி" என்றார்.

மில்லில் தண்ணீர் போகும் வழி கொஞ்சம்தான். அரைப்பதற்கு முன்னால் கோதுமையைக் கொஞ்சம் ஈரப்படுத்தி ஊற வைக்க வேண்டும். அப்போதுதான் தவிடு நொறுங்காமல் தோலாக உரிந்து வரும். பண்ணைக்காரன் டீசல் எரித்துக் காய வைக்கிறான், மில்காரன் திரும்ப நனைக்கிறான் என்று ஊரில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அது போக, கழுவுவது, கழிப்பறை, கொதிகலன். முற்றத்தில் ஒரு குழாய். பண்ணைக்காரர்கள் மருந்துத் தெளிப்பானுக்குத் தண்ணீர் பிடிப்பது அங்கேதான்.

சாலையோரக் குழியில் நகராட்சியின் மீட்டர் இருந்தது. தூரா மில்லுக்குள் நுழையும் குழாயில் ஒன்றும், முற்றத்துக் குழாயில் ஒன்றுமாகத் தன் மீட்டர்கள் இரண்டைப் பொருத்தினாள். இரண்டையும் கூட்டினால் குழி மீட்டரின் எண் வர வேண்டும்.

வரவில்லை. முதல் வாரம் குழி மீட்டர் முப்பத்துமூன்று கன மீட்டர் அதிகம் காட்டியது. மீட்டர் கெட்டிருக்கும் என்று அவள் தன் மீட்டர்களைக் கழற்றி வேறு மாட்டினாள். இரண்டாவது வாரமும் அதே முப்பத்துமூன்று. ஞாயிற்றுக்கிழமை காலை, மில் ஓடாத நேரத்தில் வந்து, உள்ளே போகும் வால்வை மூடினாள். முற்றத்துக் குழாயையும் மூடினாள். பிறகு சாலையோரம் மண்டியிட்டுக் குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

மீட்டரின் முகத்தில் இருக்கும் சின்னச் சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், நிற்காமல் சுற்றியது. மணிக்கு இருநூறு லிட்டர்.

குழிக்கும் மில்லுக்கும் நடுவே நாற்பது மீட்டர் முற்றம். முற்றத்துக்குக் கீழே ஒரே ஒரு குழாய். போட்டது யார் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

பதினொரு வருடத்துக்கு முன் மில்லின் கிணறு உப்பாகிப்போனபோது இழுத்த குழாய் அது. தனியாகத் தொழில் தொடங்கிய அவளுக்கு முதல் பெரிய வேலை. நவம்பர் மாதம், மழையும் பனியும் கலந்து அடித்தது. குழாயைப் போட்டு, அழுத்தம் ஏற்றிச் சோதித்து, எல்லாம் சரி என்று எழுதியும் ஆயிற்று. மூடும்போது ஒரு பாறை குறுக்கே வந்தது. குழாயைக் கொஞ்சம் வளைத்து ஒதுக்க ஒரு இணைப்பை வெட்டிப் போட்டாள். அதற்குப் பிறகு திரும்பச் சோதிக்கவில்லை. இருட்டப்போகிறது, கைவிரல் மரத்துவிட்டது, ஒரே ஒரு இணைப்புதானே என்று மண்ணைத் தள்ளினாள். அந்த நிமிடம் பதினொரு வருடம் கழித்து, சாலையோரத்தில் மண்டியிட்டிருந்தபோது, அவளுக்கு அப்படியே திரும்ப வந்தது.

தண்ணீர் மேலே வந்திருந்தால் ஒரு மாதத்தில் தெரிந்திருக்கும். அங்கே மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. விழுந்ததெல்லாம் வெடிப்புகள் வழியே கடலுக்குப் போயிருக்கிறது. முதல் நாளிலிருந்தே ஒழுகியதால் மில்லின் செலவே அவ்வளவுதான் என்று எஸ்கில் எண்ணிவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்து ஹோகனிடம் சொன்னாள். அவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவு தண்ணியா?"

"வருஷத்துக்கு ஆயிரத்து எழுநூத்தைம்பது கன மீட்டர். முப்பத்தேழு பேர் வருஷம் முழுக்கக் குடிச்சு, சமைச்சு, குளிக்கலாம். இந்தக் கோடையில மாயித் பாத்திரம் கழுவுன தண்ணிய வாளியில பிடிச்சுத் தோட்டத்துக்கு ஊத்தினா, ஹோகன். நான் பார்த்துக்கிட்டே நின்னேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தான். "எப்பத் தோண்டப் போற?" என்று மட்டும் கேட்டான்.

*

திங்கட்கிழமை எஸ்கிலிடம் சொன்னபோது அவர் முதலில் கணக்குத்தான் போட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

"இதோ பாரு. மில்லுக்கு நெசமா வேண்டியது கிலோவுக்கு எழுபது மில்லி. உன் ஒழுக்கு எண்ணூத்து எழுபத்தாறு மில்லி. ரெண்டும் சேர்ந்து ஒரு லிட்டர்கூட இல்ல. வயல்ல ஐநூத்து எண்பத்து மூணு. கூட்டி முழு எண்ணா எழுது, ஐநூத்து எண்பத்து நாலு. பொய்யே இல்ல! ஒழுக்கும் அதுக்குள்ளதான் இருக்கு. குழாயை நாம சத்தமில்லாம மாத்திடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

தூரா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வருடம் அலைந்து சேர்த்த எண்ணுக்குள், அவளுடைய பதினொரு வருடத் தப்பு தசமப் புள்ளிக்குப் பின்னால் அழகாகப் படுத்துக்கொண்டது.

"மழைத் தண்ணியும் குழாய்த் தண்ணியும் ஒண்ணா, எஸ்கில்?"

"லிட்டர் லிட்டர்தானே."

"இல்ல. அந்த ஐநூத்துப் பதினொண்ணு விழாட்டி, அது வானத்தோட இஷ்டம். இந்த எண்ணூத்து எழுபத்தாறு மில்லி ஒருத்தர் வீட்டுக் குழாய்ல வந்திருக்க வேண்டியது. மூணு பத்தி எதுக்குப் போட்டோம்? ஒண்ணுல ஒண்ணை ஒளிச்சு வைக்கவா?"

"உன் பேரு கெடுமேன்னுதான் சொல்றேன். உன் வேன்ல என்ன எழுதியிருக்கு?"

"அதுக்குத்தான் சொல்றேன். போட்வித்தைத் திருடன்னாங்க. அட்டையில அடியில என் பேரைப் போட்டுத்தான் இல்லேன்னு காட்டினேன். இப்ப எனக்கு ஒண்ணுன்னதும் பேரை எடுத்துடணுமா?"

எஸ்கில் காகிதத்தைக் கசக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பள்ளிக்கூடத்துலயும் நீ இப்படித்தான்" என்றார். "ஜன்னலை உடைச்சது நாம நாலு பேரு. வாத்தியார்கிட்டப் போய்ச் சொன்னது நீ ஒருத்தி."

"உங்க பேரைச் சொன்னேனா?"

"சொல்லல" என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை அவரால்.

புதன்கிழமை போட்வித் பொக்லைனோடு வந்தார். விஷயம் ஊருக்குள் பரவியிருந்தது. தூராவே வெள்ளிக்கிழமை அட்டையில் எழுதுவதற்குக் காத்திராமல், செவ்வாயன்றே எழுதிவிட்டாள்: 'மில் முற்றத்தில் ஒழுக்கு. வருடத்துக்கு 1752 கன மீட்டர் குடிநீர். குழாய் போட்டது நான்.' கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையைப் பார்க்கக் கிட்டத்தட்ட இருபது பேர் முற்றத்து வேலியில் சாய்ந்து நின்றார்கள்.

"ஒரு சொட்டும் சிந்தாதாமே!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"சொட்டு இல்லய்யா, அருவி" என்றாள் தூரா, திரும்பாமலேயே. வேலியில் சிரிப்பு எழுந்தது. அதில் குத்தல் இல்லை.

போட்வித் முட்டையோட்டை உரிப்பதுபோல மண்ணை எடுத்தார். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் பாறை தெரிந்ததும் தூரா குழியில் இறங்கிக் கையால் தோண்டினாள். இணைப்பு அங்கேதான் இருந்தது. நெரித்துப் பிடிக்கும் வளையம் ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தது. விரல் நகம் நுழையும் அளவு இடைவெளி. அதன் வழியே கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர் ஒரு விசிறியாகப் பாய்ந்து, பாறை வெடிப்புக்குள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

போட்வித் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"பதினோரு வருஷத்துல எவ்வளவு போயிருக்கும்?"

"பத்தொன்பதாயிரம் கன மீட்டருக்கு மேல. உன் குளத்துல பாதி."

அவர் விசில் அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வேலிக்குக் கேட்காமல் சொன்னார்: "கோடையில எனக்காகக் கடை வாசல்ல நின்னியே, அன்னிக்கு நான் நன்றி சொல்லல. வாய் வரல."

"இப்ப அந்த ரம்பத்தை எடுத்துக் குடு. நன்றியை அப்புறம் பார்க்கலாம்."

தூரா பழைய இணைப்பை அறுத்தெடுத்தாள். புதிதாகப் போட்டாள். அழுத்தம் ஏற்றினாள். விதி சொன்னது இரண்டு மணி நேரம், அவள் அடுத்த நாள் காலை வரை அப்படியே வைத்திருந்தாள். அழுத்தமானியின் முள் மயிரிழையும் இறங்கவில்லை. அதன் பிறகுதான் மண்ணைத் தள்ளச் சொன்னாள்.

*

நவம்பரில் பெட்ரா ஃபால்க் நேரிலேயே வந்தாள். தீவின் துறைமுக நகரமான விஸ்பியில் படகிறங்கி, வாடகைக் காரில் ஒரு மணி நேரம் ஓட்டி, ஊர்க்கூடத்துக்கு வந்து சேர்ந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டை முடி, சேறு படிந்தால் கவலைப்படாத காலணி. ஒன்பது பண்ணைக்காரர்களும் எஸ்கிலும் ஊரில் பாதியும் அங்கே இருந்தார்கள். எஸ்கிலின் மில் மாவில் சுட்ட ரொட்டியும், வெண்ணெயும், குங்குமப்பூ அப்பமும் மேசையில் இருந்தன.

தூரா ஒரே ஒரு தாளை நீட்டினாள். பெட்ரா அதை நின்றபடியே படித்தாள். வரி வரியாக விரலை நகர்த்தினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது என்ன? 'மில், குடிநீர், ஒழுக்கு, எண்ணூற்று எழுபத்தாறு மில்லி.' இதைத் தனி வரியாவா போட்டிருக்கீங்க?"

"ஆமா. அக்டோபர்ல அடைச்சாச்சு. ஆனா இந்த விளைச்சல் நடந்த வருஷத்துல அது போச்சு. அதனால இந்த விளைச்சலோட கணக்குல அது இருக்கணும். அடுத்த வருஷம் இருக்காது."

"இது கூட்டுத்தொகையில தெரியவே தெரியாதே."

"அதனாலதான் தனி வரி."

"தவறு செய்தவர்னு ஒரு பேரு இருக்கு. தூரா லிண்ட்வால். அது யாரு?"

"நான்தான்."

பெட்ரா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"எனக்கு இது வரைக்கும் முப்பத்தொரு மில்லுலேர்ந்து எண்ணு வந்திருக்கு" என்றாள். "எல்லாமே ரொம்ப அழகான எண்ணு. ஒண்ணுலகூட ஒரு ஒழுக்கு கிடையாது. முப்பத்தொரு மில், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் குழாய், ஒரு ஒழுக்குகூட இல்லேன்னா நான் நம்பணுமா? ராத்திரி தூக்கம் வராம யோசிச்சிருக்கேன், இதுல எது அளந்தது, எது புத்தகத்தைப் பார்த்து எழுதினதுன்னு." தாளை விரலால் தட்டினாள். "இது அளந்தது."

போட்வித்தால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார். தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"எங்க ஊரு எண்ணுங்க இது" என்றார் கடைசியில். "வானம் குடுத்தது, நாங்க சேர்த்தது, நாங்க விட்டது, எல்லாம் அதுல இருக்கு. எங்க குழாய்க்காரி எழுதினது."

கைதட்டலை யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை. மாயித்தாக இருக்கலாம். தூராவுக்குக் கைதட்டல் பழக்கமில்லை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ரொட்டியை எடுத்து வெட்டத் தொடங்கினாள். காது மடல் சிவந்திருந்தது. பதினெட்டு வயதில் முதல் குழாயை நேராக இழுத்தபோதும், சொந்த வேனில் முதல் முறை ஏறியபோதும் நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. அவை எல்லாம் சரியாகச் செய்த வேலைகள். இது தப்பாகச் செய்ததையும் சேர்த்து நின்ற வேலை.

பெட்ரா ஐந்நூற்று எண்பத்து நான்கை ஏற்றுக்கொண்டாள், நான்கு வரிகளோடும். கிளம்பும் முன், பெருநிலத்தில் மூன்று மில்களை வந்து அளந்து தர முடியுமா என்று தூராவைக் கேட்டாள். குளிர்காலத்திலேயே வேண்டும் என்றாள்.

"வர்றேன். ஆனா பிப்ரவரிக்கு அப்புறம்" என்றாள் தூரா.

"அதுக்கு முன்னால என்ன வேலை?"

"சோதனை போட்ட பிறகு நான் வெட்டிப் போட்ட இணைப்பு இன்னும் இருபத்தாறு இருக்கு, இந்தத் தெற்குப் பக்கத்துல. பழைய நோட்டைப் பூரா தேடிப் பட்டியல் எடுத்திருக்கேன். ஒவ்வொரு வீடாப் போய்ப் பார்க்கணும்."

எஸ்கில் வாயில் ரொட்டியோடு இடைமறித்தார். "முதல்ல என் வீட்டுக்கு வா தூரா. சமையலறைக் குழாய் போன வருஷத்துலேர்ந்து சொட்டுது. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

"அது நான் போட்டது இல்ல, நீயே போட்டது" என்றாள் அவள். கூடம் முழுதும் சிரித்தது.

மறுநாள் காலை, வெளிச்சம் வந்ததும், பட்டியலின் முதல் வீட்டின் கதவைத் தட்டினாள். திறந்த கிழவர் அவளைப் பார்த்ததும், "என் வீட்டுலயும் அருவியா?" என்று கேட்டார்.

"இருந்தா எத்தனை லிட்டர்னு சொல்லிட்டுத்தான் போவேன்" என்றாள் தூரா. காலணியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.